தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் சாக்கடை நிரம்பி வழிந்தாலும், ஊரில் மஞ்சள் காமாலை பரவினாலும், மாநகராட்சி ஊழியர் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாலும், அவற்றின் பின்னால் பெரும்பாலும் நிற்பது இந்த ஒரு சட்டம்தான். ஆனால் இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. குடியிருப்போர் நலச் சங்கங்களும் ஊராட்சி உறுப்பினர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இது பொது விளக்கம் மட்டுமே. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரை அணுகுவதே முறை.

இந்தச் சட்டம் எப்போது, எந்தச் சூழலில் வந்தது?

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து, 1937-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைந்தது. அதில் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்றவர் டி.எஸ்.எஸ். ராஜன், அவரே ஒரு மருத்துவர். அதுவரை சுகாதாரம் பற்றிய விதிகள் 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், உள்ளாட்சி வாரியங்கள் சட்டம் எனப் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, தங்கும் விடுதிகள், உணவு, திருவிழாக்கள் அனைத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1939-ஆம் ஆண்டின் சென்னை மூன்றாம் சட்டம். இவ்வளவு விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அதற்கு முன் இருந்ததில்லை.

மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சட்டமும் உடன் சென்றது. ஆந்திரப் பகுதியிலும் கேரளத்தின் மலபாரிலும் இதுவே நடைமுறையில் நீடித்தது. கேரளம் 2023-இல் தனக்கெனப் புதிய பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய பிறகுதான் மலபாரில் இதன் இடம் முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1969-இல் பெயர் மாற்றம் நடந்தது. திருத்தங்கள் அவ்வப்போது வந்தன. அடிப்படைக் கட்டுமானம் அப்படியே உள்ளது.

இது ஏன் மாநிலச் சட்டமாக இருக்கிறது? மத்திய அரசுக்கு இதில் பங்கு இல்லையா?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஆறாவது இனமாகப் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் மருத்துவமனைகளும் வைக்கப்பட்டுள்ளன. துறைமுகங்களில் நோய்த் தடுப்புக் காவல் ஒன்றியப் பட்டியலில் வருகிறது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-ஆவது இனம். ஆகவே தெருக்குழாயும் சாக்கடையும் மாநிலத்தின் பொறுப்பு; எல்லை தாண்டும் நோய் இருவரின் பொறுப்பு.

1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இருக்கும்போது தனியாக இது எதற்கு?

கொள்ளைநோய்ச் சட்டம் 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியதை அடுத்து அவசரமாக எழுதப்பட்டது. சில பிரிவுகளே உள்ள குறுஞ்சட்டம் அது. ஆபத்து வந்துவிட்டது என்று அரசு கருதினால் எந்த ஒழுங்குமுறையையும் பிறப்பிக்கலாம் என்கிறதே தவிர, ஆபத்து வராமல் இருக்க யார் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் நோய் இல்லாத நாள்களில் உள்ளாட்சி அமைப்பு செய்ய வேண்டிய வேலையைப் பட்டியலிடுகிறது. ஒன்று அவசரக் காலத்துக்கானது, மற்றொன்று அன்றாடத்துக்கானது என்று கொள்ளலாம். என் கருத்தில் அன்றாடத்துக்கான சட்டமே முதன்மையானது. அது ஒழுங்காக நடந்தால் அவசரச் சட்டத்துக்கு வேலை குறையும்.

கொரோனா காலத்தில் இரண்டும் சேர்ந்தே பயன்பட்டன. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்ச் சட்டத்தின்கீழ் ஒழுங்குமுறைகள் வந்தன. பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்கீழ் கோவிட்-19 அறிவிக்கப்பட்ட நோயாக ஆக்கப்பட்டது. ஊரடங்கு ஆணைகளுக்கு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் துணை நின்றது.

எங்கள் பகுதியில் சுகாதாரக் கேடு இருக்கிறது. யாரிடம் சொல்ல வேண்டும்?

மாநில அளவில் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறையின் இயக்குநர் இருக்கிறார். அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் உள்ளது. மாவட்டத்தில் மாவட்ட சுகாதார அலுவலர். இந்தப் பதவியைச் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் என்றே பலரும் இன்னும் சொல்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார மருத்துவ அலுவலர், மாநகராட்சியிலும் பெரிய நகராட்சியிலும் நகர்நல அலுவலர் என்று வரிசை இறங்கி, கடைசியில் சுகாதார ஆய்வாளரிடம் வந்து நிற்கும். மக்கள் நேரில் காணும் ஒரே அதிகாரி பெரும்பாலும் இவர்தான். ஊரார் வாயில் எச்.ஐ.

வாய்மொழியாகச் சொல்லலாம். ஆனால் எழுத்தில் கொடுத்த மனுவுக்குத்தான் கோப்பில் இடம் உண்டு. ஊராட்சியாக இருந்தால் ஊராட்சிச் செயலரிடம் ஒரு பிரதியும் வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒரு பிரதியும் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுவது நல்லது. இப்படி எழுதினால் போதும்:

“எங்கள் தெருவின் தெற்கு முனையில், அங்கன்வாடி மையத்துக்கு எதிரில், கழிவுநீர்க் கால்வாய் அடைபட்டுக் குடிநீர்க் குழாய் வால்வு இருக்கும் குழியில் தேங்கி நிற்கிறது. கடந்த இரு வாரங்களில் இத்தெருவில் மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுள்ளது. பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-இன்கீழ் இத்தொல்லையை நீக்கவும், குழாய் நீரைப் பரிசோதிக்கவும் வேண்டுகிறோம்.”

இடம், காலம், நோய், கோரிக்கை நான்கும் இதில் இருக்கின்றன. “குழாய் நீரைப் பரிசோதிக்கவும்” என்ற தொடரை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் கால்வாயைத் தூர்வாரிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல இயலாது.

பதில் வரவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்டால் 30 நாள்களில் விடை தர வேண்டும்.

சட்டம் தொல்லை என்று எவற்றைச் சொல்கிறது?

உடல்நலத்துக்குக் கேடு தரும் நிலையில் உள்ள கட்டடம், குளம், கிணறு, சாக்கடை, கழிவறை, குப்பைக் குவியல், அப்படிப்பட்ட நிலையில் வைக்கப்பட்ட கால்நடை, நலத்தைக் கெடுக்கும் புகையும் கழிவும் வெளிவிடும் தொழிலிடம் ஆகியவை இதில் அடங்கும். அது தனியார் இடமா, அரசு இடமா என்பது பொருட்டன்று. பக்கத்து மனை காலியாகக் கிடந்து மழைநீரும் குப்பையும் சேர்ந்தால், உரிமையாளர் வெளியூரில் இருந்தாலும் அவருக்கு அறிவிப்பு அனுப்பிச் சுத்தம் செய்யச் சொல்லலாம். செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆனால் அண்டை வீட்டாருடன் உள்ள வெறும் மனத்தாங்கல் இந்தச் சட்டத்துக்குள் வராது.

கொசுப்புழு பார்க்க வருகிறோம் என்கிறார்கள். வீட்டுக்குள் விட வேண்டுமா?

வீடுகளையும் நிலங்களையும் பார்வையிட்டுக் கொசு உற்பத்தியாகும் நீரை அகற்றவோ மருந்திடவோ சுகாதாரப் பணியாளருக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அடையாள அட்டையைக் கேட்பது உங்கள் உரிமை; பார்த்த பிறகு அனுமதிப்பதே முறை.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை; வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரைத்தான் நாடும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பயன்படாத ஆட்டுக்கல்லின் குழி, மூடி சரியாகப் பொருந்தாத சிமென்ட் தொட்டி ஆகியவையே அதன் இடங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் நிரம்பியதும் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே நிரப்பினால் பயனில்லை. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்று சொல்கிறார்கள்.

“புகை மருந்து அடிக்கவே வருவதில்லை” என்பது எல்லா ஊரிலும் கேட்கும் குறை. புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டிக்குள் நெளியும் புழுவை அது தொடாது. அறிவுள்ள சுகாதார ஆய்வாளர் புகை வண்டியைவிட டார்ச் விளக்கையும் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தையும்தான் நம்புவார். புகையைக் கேட்டு மனுக் கொடுப்பதைவிட, தெருவில் உள்ள கட்டுமான இடத்தின் மின்தூக்கிக் குழியில் தேங்கிய நீரைக் காட்டி மனுக் கொடுப்பது பலன் தரும். கட்டட உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி அபராதம் விதிக்க அங்கே இடமிருக்கிறது.

குடிநீர் விஷயத்தில் உள்ளாட்சியின் கடமை என்ன?

போதுமான அளவில் நல்ல குடிநீர் வழங்குவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்பதுதான் குடிநீர் பற்றிய அத்தியாயத்தின் அடிப்படை. மாசுபட்ட கிணற்றையோ குளத்தையோ, தனியாருடையதாக இருந்தாலும், பயன்படுத்தத் தடை விதிக்கவும் மருந்திடவும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

நடைமுறையில் எல்லாம் குளோரின் கலப்பதில்தான் இருக்கிறது. ஊராட்சிகளில் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம் வரும். தூளை நேரே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரைமணி நேரம் விட்டுப் பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டை திறந்தே கிடந்தால் தூள் வீரியம் இழந்துவிடும்; கணக்கில் போட்டதாக இருக்கும், தண்ணீரில் குளோரின் இருக்காது.

இதைப் பிடிக்கும் வழி எளிது. தெருவின் கடைசிக் குழாயில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில துளி விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் தெரியும். குளோரோஸ்கோப் என்னும் குளோரின் அளக்கும் கருவியின் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். நிறம் மாறவில்லையென்றால் குளோரின் இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி பயனாளியின் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். வைரஸ் நோய் பரவும் அபாயம் இருந்தால் 0.5. தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் மட்டும் சோதித்துப் பதிவேட்டில் எழுதிவிடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உடைப்பு இருந்தால் அதன் விளைவு அங்கேதான் தெரியும்.

மருத்துவர் எல்லா நோயையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா?

எல்லா நோயையும் அல்ல. சட்டம் பட்டியலிட்ட தொற்றுநோய்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர், அரசு மருத்துவமனையில் இருந்தாலும் தனி கிளினிக் நடத்தினாலும், தகவல் தர வேண்டும். காலரா, பிளேக், தொண்டை அடைப்பான், காசநோய், வெறிநாய்க்கடி நோய் போன்றவை அதில் உள்ளன. உலகை விட்டே ஒழிந்த பெரியம்மையும் 1939-இன் நினைவாகப் பட்டியலில் இருக்கிறது.

பட்டியலைக் கூட்டும் அதிகாரம் அரசிடம் உள்ளது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை இந்தச் சட்டத்தின்கீழ் தெரிவிக்கப்பட வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பாம்புக்கடி தொற்றாதே என்று கேட்கலாம். நோக்கம் கணக்கு. வயலில் கடிபட்டவர் தனியார் மருத்துவமனைக்கோ நாட்டு வைத்தியரிடமோ போய்விட்டால் அந்தக் கடி எந்த ஏட்டிலும் ஏறாது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனைக் குப்பி விஷமுறிவு மருந்து இருப்பு வைப்பது என்பதை முடிவு செய்யவும் வழியிருக்காது. சட்டத்தை நல்லபடியாகப் பயன்படுத்தியதற்கு இதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

தகவல் தெரிவித்தால் நோயாளியின் பெயர் வெளியே வந்துவிடாதா?

தகவல் சுகாதார அலுவலருக்குத்தான், தெருவுக்கு அல்ல. கொரோனாவின் தொடக்கத்தில் வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டியதும் தகரம் வைத்து அடைத்ததும் பலரைப் பரிசோதனைக்கே வரவிடாமல் செய்தன. அந்த அனுபவத்தை அதிகாரிகள் மறக்கக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை 2017-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இரகசியத்தைத் தனியே பாதுகாக்கிறது.

மறுபுறம், தொற்று இருப்பது தெரிந்தே மற்றவருக்குப் பரவும்படி நடப்பது குற்றம். கவனக்குறைவாகச் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 271-ஆவது பிரிவும், தீய எண்ணத்துடன் செய்தால் 272-ஆவது பிரிவும் பொருந்தும். இவை பழைய தண்டனைச் சட்டத்தில் 269, 270 என்று இருந்தவை.

திருவிழாக்களுக்குத் தனி அத்தியாயம் எதற்கு?

காலரா அன்று திருவிழாக் கூட்டத்தோடுதான் ஊர் ஊராகச் சென்றது. ஆற்றங்கரையில் இலட்சக்கணக்கானோர் கூடி, அங்கேயே குளித்து, அங்கேயே நீர் குடித்து, ஊர் திரும்பும்போது நோயையும் கொண்டுபோயினர். அதனால் அறிவிக்கப்பட்ட திருவிழா என்று ஒரு வகையை உருவாக்கி, அங்கே குடிநீர், கழிப்பிடம், உணவுக் கடைகளின் மேற்பார்வை, நோயாளியைத் தனியே வைக்கும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் சட்டம் வைத்தது. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்துக்கும் கும்பகோணம் மகாமகத்துக்கும் பல வாரங்களுக்கு முன்பே சுகாதார ஆய்வாளர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து பணிக்கு வரவழைக்கப்படுவது இந்த மரபின் தொடர்ச்சியே. 2028-இல் மகாமகம் வருகிறது.

சிறு ஊர்க் கொடை விழாக்களில்தான் கவனம் தப்புகிறது. அன்னதானத்துக்குச் சமைக்கும் இடமும் தண்ணீர் லாரி வரும் கிணறும் யார் கண்ணிலும் படுவதில்லை. விழாக் குழுவினர் ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொன்னால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள்.

உணவகம் சுத்தமாக இல்லை. இந்தச் சட்டத்தில் புகார் செய்யலாமா?

கடைக்கு வெளியே கழிவுநீர் விட்டால் செய்யலாம். உணவின் தரம் பற்றிய புகார் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்துக்குப் போய்விட்டது. அது 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் செல்ல வேண்டும்.

சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியிலும், பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் வந்த தடைகள் இந்த மத்தியச் சட்டத்தின்கீழ் வந்தவையே. மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒரு பொருளை ஓராண்டுக்கு மிகாமல் தடை செய்யலாம் என்கிறது 30-ஆவது பிரிவு. ஆண்டுதோறும் அதே தடையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாமா என்பதுதான் குட்கா வழக்கின் மையம். கூடாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நிரந்தரத் தடை வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் நேராகச் சட்டம் இயற்றுவதே சுத்தமான வழி.

தனியார் கிளினிக்குகளுக்கும் இது பொருந்துமா?

நோய் அறிவிப்புக் கடமையும் தொல்லை பற்றிய விதிகளும் பொருந்தும். பதிவும் வசதிகளும் பற்றியவை 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வருகின்றன. புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் தர வேண்டும்.

அபராதம் எவ்வளவு?

சட்டத்தின் பலவீனமான இடம் இதுதான். 1939-இல் பெருந்தொகையாக இருந்த ரூபாய்கள் இன்று ஒரு தேநீர்ச் செலவுக்கு அருகில் வந்துவிட்டன. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், நீதிமன்றத்துக்குப் போகாமல் அதிகாரியே இணக்கக் கட்டணம் பெற்றுக் குற்றத்தை முடித்துவைக்க வழி செய்தது. அப்போது முகக்கவசம் அணியாததற்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய், விதி மீறிய வணிக நிறுவனத்துக்கு 5,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. முகக்கவசத் தொகை 2022 ஜனவரியில் 500 ஆனது. நோய்த்தொற்று நடத்தைக்குத் தொகை ஏறிற்று. ஆனால் கழிவுநீரை ஓடையில் விடும் விடுதிக்கு உறைக்கும்படியான தொகை இச்சட்டத்தில் இன்றும் இல்லை. தனி ஆள் தலையில் ஏறும் சட்டம் நிறுவனத்தின் வாசலில் தயங்கி நிற்பது சரியல்ல என்பது என் எண்ணம். அதனால்தான் அனுபவமுள்ள அலுவலர்கள் அபராதத்தைவிட, உள்ளாட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பதையும் இணைப்பைத் துண்டிப்பதையும் கையில் எடுக்கிறார்கள்.

“நிதி இல்லை” என்று ஊராட்சியோ நகராட்சியோ கைவிரித்தால்?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே விடை சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், ஒரு சாராய ஆலையின் கழிவும் திறந்தவெளி மலமும் தெருவில் ஓட, குடியிருப்போர் கோட்ட நிர்வாக நடுவரிடம் சென்றனர். சாக்கடை அமைக்க நடுவர் ஆணையிட, பணமில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் விதித்த சுகாதாரக் கடமையை நிதி நெருக்கடியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்றது.

அந்த மக்கள் பயன்படுத்திய வழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் மனு செய்ய வேண்டும். அவர் முதலில் நிபந்தனை ஆணை பிறப்பிப்பார்: குறித்த நாளுக்குள் தொல்லையை நீக்கு, இல்லையென்றால் நேரில் வந்து காரணம் சொல் என்று. எதிர்த்தரப்பு வந்து மறுத்தால் சாட்சியம் பதிவாகும். மறுக்காவிட்டால் ஆணை உறுதியாகிவிடும். மனுவோடு முன்பு சுகாதார அலுவலரிடம் கொடுத்து முத்திரை பெற்ற பிரதி, தேதி தெரியும் புகைப்படங்கள், நோயுற்றவர்களின் மருத்துவச் சீட்டு நகல்கள், குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை இணைக்க வேண்டும். குடியிருப்போர் தனித்தனியே கொடுப்பதைவிட, தெருவார் பலரும் கையொப்பமிட்டு ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது. இந்தப் பிரிவு பொதுமக்களைப் பாதிக்கும் தொல்லைக்கானது என்பதால், பலர் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பதை அந்தக் கையொப்பங்களே காட்டிவிடும்.